பதினெட்டாம் தேதிக்குள் பேச வேண்டும்

மார்ச் 2, திங்கள்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. கடலுக்கு நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? பதினான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்னும் பதினான்கு மாதம்கூட எழுதாமல் இருந்திருப்பேன். அம்மாவுக்குப் பதிலாகப் பேச நீ செய்த பெட்டி நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் போன மாதம் இருபதாம் தேதி புகை விட்டது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றார். புதிது வாங்கி, நீ விட்டுப்போன பென் டிரைவில் இருந்ததை அதில் ஏற்றி, நீ எழுதி வைத்த தாளின்படி கட்டளைகளை அவரே அடித்தார். எழுத்துக் கட்டங்கள் வரிசையாக ஒளிர்ந்தன. டிக் டிக் என்று சத்தமும் வந்தது. அம்மாவின் விரலுக்கு அடியில் பட்டனை வைத்தேன். வேண்டிய கட்டம் ஒளிரும்போது அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி ஒரு வார்த்தை சேர்த்தாள். கடைசியில் 'பேசு' என்ற கட்டத்தில் அழுத்தினாள். எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி நின்றது. முப்பது தடவையாவது முயன்றிருப்போம். முப்பது தடவையும் அதே வரிதான்.

ஆஸ்பத்திரியில் வேறொரு கருவி கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தொட்டு இழுக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது அசைவது வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான், அதுவும் கீழ்நோக்கி.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. அரைக் கிண்ணம் சூப் இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது. வயிற்றில் குழாய் வைக்கலாமா வேண்டாமா என்று பதினெட்டாம் தேதி முடிவு சொல்ல வேண்டும். அம்மாவால் சொல்ல முடியாவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கண் சிமிட்டச் சொல்லலாமே என்பாய். சொன்னேன். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், திறக்கவே இல்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. கேட்காமல் பதில் சொல்ல மாட்டாள். அவளை உனக்குத் தெரியாதா?

அந்தக் கையெழுத்தை என்னால் போட முடியாது. நீதானே செய்தாய், நீயே சரிசெய்.

அக்கா


மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் பத்தியிலேயே திட்டு இருந்தது. நீதான் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது. பதினான்கு மாதத்தில் எனக்கு வந்த கடிதங்களில் இதுதான் நல்ல கடிதம். உள்ளே இருந்த சேதி வேறு விஷயம்.

இந்த வானிலை நிலையத்துக்குச் செயற்கைக்கோள் இணைப்பு செவ்வாயும் வெள்ளியும்தான். காலையில் கடிதம் வரும், மாலையில் பதில் போகும். படம் போகாது, பெரிய கோப்பு போகாது, வெறும் எழுத்து மட்டும். இங்கிருந்து உன் கம்ப்யூட்டருக்குள் நுழையவும் முடியாது. அதனால் நீதான் எனக்குக் கண்ணும் கையும்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பயப்படாதே. அம்மாவின் நிரலை 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். எல்லா வேலையையும் அதுவே செய்வதில்லை, லைப்ரரி என்று தயாராக இருக்கிற துணை நிரல்களைக் கூப்பிடும். கட்டங்களைக் காட்டி டிக் சத்தம் போட ஒரு லைப்ரரி, எழுத்தைக் குரலாக மாற்ற இன்னொரு லைப்ரரி. இந்த இரண்டும் சத்தத்தை வெளியே விடுவதற்கு மூன்றாவதாக ஒலி லைப்ரரி என்று ஒன்றைக் கூப்பிடும். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்க்கிற ஆளுக்கு லிங்கர் என்று பெயர். டிக் சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் கோர்த்த இடத்தில்தான் கோளாறு.

இன்னொரு தடவை கோர்த்துப் பார். கட்டளைகளைத் தனித் தாளாகக் கீழே வைத்திருக்கிறேன். திரையில் வருவதை ஒன்று விடாமல் கையால் எழுதி அனுப்பு. முக்கியமில்லை என்று தோன்றுவதையும் எழுது.

அம்மா என்னைக் கேட்டாளா என்று கேட்க வாய் வருகிறது. அவளால்தான் எதையும் கேட்க முடியவில்லையே. முட்டாள் கேள்வி.

தம்பி


மார்ச் 5, வியாழன்

தம்பிக்கு,

எழுதி எடுத்தது ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் அப்படியே கீழே இருக்கிறது. நடுவில் ஒரு வரிதான் கண்ணில் உறுத்தியது. பேச்சு லைப்ரரிக்கு ஒலி லைப்ரரியின் 'பதிப்பு ஒன்று' தேவைப்படுகிறது, அது 'பதிப்பு இரண்டு' என்பதோடு மோதக்கூடும் என்கிறது. கடைக்காரரிடம் இதைக் காட்டினேன். "வார்னிங்தானேக்கா, எரர் இல்லையே! பாருங்க, ஓடுதுல்ல" என்றார். அவர் முதல் நாளே இந்த வரியைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறார்.

எனக்கு இது புதிதில்லை. நான் பம்ப் உதிரிபாகக் கிடங்கில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரே எண் போட்ட சீல் வளையம், பழைய மாடலுக்கு ஒன்று, புது மாடலுக்கு ஒன்று. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளேயும் அழகாகப் போய் உட்காரும். பம்ப்பை ஓட்டினால்தான் ஒழுகும். உன் பேச்சு லைப்ரரி பழைய சீல் கேட்கிறது, கட்டங்களைக் காட்டுகிற லைப்ரரி புது சீல் கேட்கிறது. ஒரு பம்ப்புக்குள் இரண்டையும் போட்டிருக்கிறோம். சரிதானே?

அம்மா நேற்று முன்தினத்தில் இருந்து பட்டனை அழுத்துவதில்லை. விரலை எடுத்து வைத்தால் அப்படியே வைத்திருக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாளா சுவரைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், பதில் வராமல் எவ்வளவு நேரம்தான் பேசுவது? இன்னும் பதின்மூன்று நாள்.

அக்கா


மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்றுக்கு நூறு சரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நிரல் எழுத ஆரம்பித்து ஒரு வருடம் ஆயிற்று. நீ ஒரே நாளில் சீலை வைத்து முடித்துவிட்டாய்.

இரண்டு பதிப்பிலும் ஒரே பெயரில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பேச்சு லைப்ரரி "கதவைத் திற" என்று தன் ஆளைக் கூப்பிடுகிறது. அதே பெயருள்ள புது ஆள் முந்திக்கொண்டு ஓடிவருகிறான். பழையவனிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும், இவனுக்கு நான்கு சொல்ல வேண்டும். நான்காவது எங்கே என்று தேடப்போய்த் தலைகுப்புற விழுகிறான். அதுதான் அந்தக் கறுப்புத் திரை.

நாள் குறைவாக இருப்பதால் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். பதிப்பு ஒன்றின் கோப்பைப் பிரதி எடுத்து, அதற்குப் பதிப்பு இரண்டின் பெயரை வைத்துவிடு. யார் கூப்பிட்டாலும் பழைய ஆளே வருவான். இருக்கிற பதிப்பு இரண்டை மட்டும் முதலில் பத்திரமாக வேறு இடத்தில் வைத்துக்கொள். கட்டளைகள் கீழே. பத்து நிமிட வேலை.

அம்மாவிடம் சொல், செவ்வாய்க்கிழமைக்குள் பேசிவிடுவாள் என்று.

தம்பி


மார்ச் 9, திங்கள்

தம்பிக்கு,

உன் பத்து நிமிடத்தில் இருந்ததும் போயிற்று. கட்டமும் வரவில்லை, டிக்கும் வரவில்லை, கம்ப்யூட்டரில் எந்தச் சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் விரல் பட்டன்மேல் காத்துக்கொண்டிருந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். புது சாமான் ஓடுகிற வரைக்கும் பழையதைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் தப்பித்தோம்.

பழைய சாமானுக்குப் புது சீட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறாய். எங்கள் கிடங்கில் ஒருவன் இதைச் செய்தான். மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு தடவை சீட்டு மாற்றி ஒட்டியவன் முன்பும் ஒட்டியிருப்பான். பென் டிரைவில் உள்ள கோப்புகளின் அளவை எல்லாம் வரிசையாக எழுதினேன். 'பழசு' என்ற கோப்புறையில் ஒலி லைப்ரரியின் பூஜ்யம் புள்ளி ஒன்பதாம் பதிப்பு என்று ஒரு கோப்பு இருக்கிறது. வெளியே பதிப்பு ஒன்று என்று இன்னொரு கோப்பு. இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒரே அளவு. இரண்டாவதைச் சேமித்த நேரம், மூன்று வருடத்துக்கு முன்னால் நீ கிளம்பிய அன்று காலை ஏழு நாற்பது.

பதிப்பு ஒன்று என்று ஒன்று இந்த வீட்டில் இருந்ததே இல்லை, அப்படித்தானே? "ரெண்டு வாரம் இருந்து சரிபாத்துட்டுப் போடா" என்று அன்று கெஞ்சினேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று உன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். பூசி மெழுகாமல் சொல்.

அக்கா


மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

ஆமாம். ஒப்பேற்றிவிட்டுத்தான் போனேன்.

பேச்சு லைப்ரரியைப் பூஜ்யம் புள்ளி ஒன்பதை வைத்துக் கட்டியிருந்தேன். பழைய கம்ப்யூட்டர் 'பதிப்பு ஒன்று' வேண்டும் என்றது. ஒழுங்காகச் செய்வதென்றால் பேச்சு லைப்ரரியைப் பிரித்துத் திருத்தி மறுபடி கட்ட வேண்டும், பத்து நாளாவது ஆகும். கிளம்புகிற அன்று காலை பெயரை மட்டும் மாற்றினேன். பேசியது. வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் அறுந்து போயிற்று. அது அப்படித்தான் என்று உன்னிடம் சொன்னேன். அது அப்படி இல்லை. எனக்குத் தெரியும்.

கப்பல் தேதி காரணமில்லை, அடுத்த கப்பலில் போயிருக்கலாம். பெயரை மாற்றுவதற்கு முன்னால், என் மடிக்கணினியில் ஓட்டியபோது, அது முதல் தடவை அம்மாவுக்குப் பதில் "வாடா" என்று கூப்பிட்டதே, அந்தத் தகரக் குரல். நீ கை தட்டினாய். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பத்து நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கிற தைரியம் இல்லை. அதனால் ஓடினேன். "அம்மாவுக்கு வாயைக் குடுத்துட்டு உன் காதை எடுத்துட்டுப் போயிட்டே" என்று நீ எழுதினாயே, அதுதான் நமக்குள் கடைசிக் கடிதம். உண்மையாக இருந்ததால்தான் பதில் எழுதவில்லை.

இப்போது ஒழுங்காகச் செய்வோம். எல்லாம் பதிப்பு இரண்டுக்கே மாற வேண்டும். பேச்சு லைப்ரரியின் மூல நிரல் என் மடிக்கணினியில் இருக்கிறது, உன் பென் டிரைவிலும் இருக்கும். மாற வேண்டியது நாற்பத்தொரு வரி. இன்று விடியற்காலையில் உட்கார்ந்தேன், இப்போது மாலை. கதவைத் திறக்க நான்கு விஷயமும் சொல்கிறோம். ஒலி முழுதும் வெளியே போன பிறகுதான் கதவைச் சாத்துகிறோம். இங்கே பதிப்பு இரண்டு இல்லாததால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. அந்த நாற்பத்தொரு வரியும் கீழே. ஒரு புள்ளிகூட விடாமல் அடிக்க வேண்டும்.

மன்னிப்பு கேட்டால் திட்டுவாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 12, வியாழன்

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பில் போடுகிற பெண் "என்னக்கா, கண்ணு செவந்திருக்கு?" என்றாள். தூசி என்றேன். கிடங்கில் இருக்கிற ஒரே வசதி, தூசிக்குப் பஞ்சமில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் ஒன்று கேள். அந்தக் குரலை எனக்கும் கேட்கச் சகிக்கவில்லை. கை தட்டினேன் என்றால், அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன செய்வது? ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது அதுதான் அம்மாவின் குரல். அதை மறுபடி கேட்க மாட்டோமா என்று இருக்கிறது. நீயும் இருந்திருந்தால் பழகியிருப்பாய்.

நாற்பத்தொரு வரியையும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தபடி அடித்தேன். என்ன செய்கிறோம் என்று அவளுக்கும் தெரியட்டும் என்று. இருபத்து மூன்றாவது வரியில் கோளாறு என்றது. பார்த்தால் வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன். அரைப்புள்ளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா! போட்டேன். கட்டி முடிந்தது.

ஆனால் நிரலோடு கோர்க்கும்போது அதே எச்சரிக்கை, அதே மோதல். 'பேசு' அழுத்தினால் அதே கறுப்புத் திரை. நாற்பத்தொரு வரியையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், தப்பு இல்லை. அம்மா விரலை மறுபடி அசைக்கிறாள், அது ஒன்றுதான் ஆறுதல். ஆறு நாள் இருக்கிறது, அதில் கடிதம் போகிற நாள் இரண்டுதான். யோசித்து எழுது.

அக்கா


மார்ச் 13, வெள்ளி

அக்கா,

வரிகளில் தப்பு இருக்காது. நீ அடித்தது என்றால் நான் எழுதியதைவிடச் சுத்தமாக இருக்கும்.

நீயே சொன்னாயே, புதிது ஓடும்வரை பழையதைத் தூக்கிப்போட மாட்டேன் என்று. நல்ல பழக்கம்தான், இந்த ஒரு இடத்தைத் தவிர. பழைய பேச்சு லைப்ரரி இன்னும் நிரலின் உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. லிங்கர் முதலில் தேடுவது அங்கேதான். கிடைத்தவுடன் எடுத்துக்கொள்கிறது, நீ கட்டிய புதியது இரண்டாவது அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கிறது.

பழையதையும், நான் பெயர் மாற்றிய அந்தப் பொய்யையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி கோர். பிறகு 'எல்டிடி' என்ற கட்டளையை அடி. நிரல் எந்தெந்த லைப்ரரியைக் கூப்பிடுகிறது என்று பட்டியல் வரும். ஒலி லைப்ரரி ஒரே ஒரு தடவை, பதிப்பு இரண்டு என்று வர வேண்டும். இரண்டு தடவை வந்தால் எதையும் தொடாதே, எனக்கு எழுது.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை நிலையத் தலைவர் மூன்று வருடமாக எதிர்பார்த்தாராம். நான் அடுத்து எழுதுவதற்குள் உன் கடிதம் வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

தம்பி


மார்ச் 16, திங்கள்

டேய்,

பேசிவிட்டாள்!

சனிக்கிழமை காலை, பழையதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போடுகிற மாதிரி வேறு உறைக்குள் போட்டுவிட்டுக் கோர்த்தேன். எச்சரிக்கை வரவில்லை. வெற்றுத் திரையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எல்டிடி அடித்தேன். ஒலி லைப்ரரி ஒரே தடவை, பதிப்பு இரண்டு. அப்புறம்தான் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தினாள். வழக்கம்போல நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையை நான் என்றைக்குமே பார்ப்பதில்லை, 'பேசு' அழுத்தியதும் எழுத்து அழிந்தும் விடும். அழுத்தினாள். பெட்டி சொன்னது:

"தண்ணி கொஞ்சம் சூடா வேணும் கண்ணு."

ஒரு வினாடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வருடத்தில் இந்தப் பெட்டி என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. "என்னம்மா புதுசா கண்ணு?" என்றேன். அம்மாவின் விரல் நிதானமாக வேலை செய்தது. பதில் வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் சொல்றேன். கடைசி வார்த்தையைப் பொட்டி தின்னுடுது. முக்கியமானது போயிடக் கூடாதுன்னு கடைசில உன்னைச் சேத்துக்கிட்டேன் கண்ணு."

எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், கணக்குப் போட்டுப் பார். ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. நான் சமையலறையில் போய் நின்று அழுதுவிட்டு, தண்ணீரைச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். அவ்வளவு சூடு வேண்டாமாம். அதையும் சொன்னாள்.

இரண்டு நாளாக வாய் ஓயவில்லை. திரைச்சீலை அழுக்காம், கடைக்காரர் பாவமாம், நான் இளைத்துவிட்டேனாம். ஒரு வேலை செய்ய விடவில்லை. குழாயைப் பற்றி மட்டும் பேச்சில்லை. கேட்டால் "டாக்டர் கிட்ட பேசிக்கிறேன் கண்ணு" என்கிறாள். புதன்கிழமை என்ன சொல்லப் போகிறாளோ. எதுவாக இருந்தாலும் சொல்லப்போவது அவள்தான்.

அக்கா


மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

கடிதத்தை எடுத்துக்கொண்டு காற்று அளக்கிற மேடைக்குப் போய்விட்டேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். ஒரு மணி நேரம் காற்றின் வேகத்தைக் குறிக்கவில்லை. குறிப்பேட்டில் காலியாக இருக்கிறது, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் என்ன சொன்னாலும் அதை அப்படியே எழுது. எனக்காக எதையும் மெதுவாக்கிச் சொல்லாதே.

தம்பி


மார்ச் 19, வியாழன்

தம்பிக்கு,

அப்படியே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை அம்மாவின் பக்கம் நகர்த்தினேன். அவருக்கு இன்னும் பதினோரு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், நல்ல மனுஷர்.

முதல் கேள்வி: "குழாய் வெச்சா வாய்ல ருசி பாக்கலாமா கண்ணு?"

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணு என்றதும் முகம் சிவந்துவிட்டது. "நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாக்கலாம்மா" என்றார்.

இரண்டாவது: "வலி எத்தனை நாள் கண்ணு?" ஒரு வாரம் என்றார். மூன்றாவது: "வேணாம்னா பின்னால எடுத்துடலாமா கண்ணு?" எடுக்கலாம், அதையும் நீங்களே சொல்லலாம் என்றார். அதன் பிறகு விரல் அசையவில்லை. பிறகு டிக் டிக் என்று ஆரம்பித்தது. ஏழு நிமிடம்.

"வைங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேளுங்க. அப்பவும் நானே சொல்றேன் கண்ணு."

டாக்டர் அதை அப்படியே படிவத்தில் எழுதி, 'நோயாளியே சொன்னது' என்று போட்டார். அம்மாவின் விரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். 'முடிவு எடுத்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. சாட்சி என்ற இடத்தில்தான் போட்டேன்.

அதற்குக் கீழே இரண்டாவது சாட்சிக்கு ஒரு கோடு காலியாக இருந்தது. அது கட்டாயமில்லையாம். நர்ஸ் பேனாவை எடுத்தார். அம்மாவின் விரல் மறுபடி அசைந்தது. எல்லோரும் காத்திருந்தோம், டாக்டர்கூட எழுந்து போகவில்லை.

"அது மகனோட இடம்."

இதில் கண்ணு சேர்க்கவில்லை, பெட்டியை நம்பிவிட்டாள். நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார். மறுபடி கேட்கப்போகிற நாளில் நீ வந்து போட்டால் போதுமாம். செப்டம்பர் பதினெட்டு, காலை பத்து மணி.

அக்கா